மருந்து அடிக்கும் முன்: மருத்துவமனையில் பூச்சி, எலித் தடுப்பு

வார்டில் ஒரு கரப்பான் பூச்சி குறுக்கே ஓடினால், கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி "இங்கே மருந்தே அடிப்பதில்லையா?" என்பதுதான். நிர்வாகத்திடமும் தயாராக ஒரு பதில் இருக்கும்: "போன வாரம்தான் அடித்தோம்." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கரப்பான் உள்ளே வர ஒரு வழி இருக்கிறது, தின்ன ஏதோ கிடைக்கிறது, குடிக்க ஈரம் இருக்கிறது, பகலில் பதுங்க ஓர் இடுக்கு இருக்கிறது. இந்த நான்கும் இருக்கும்வரை, அடித்த மருந்தின் வீரியம் குறைந்ததுமே புதிய கூட்டம் வந்து குடியேறும்.

நான்கையும் முதலில் அடைக்க வேண்டும். பூச்சி நடமாட்டம் இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில், தேவையான அளவு மட்டும் மருந்தைக் கையில் எடுக்க வேண்டும். இதற்கு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று பெயர். வேளாண்மையில் வளர்ந்த முறைதான். வயலில் அது செலவையும் மிச்சப்படுத்தும், மண்ணையும் காப்பாற்றும். மருத்துவமனையிலோ, அதைத் தவிர வேறு முறைக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

காரணம் எளிது. வீட்டில் மருந்து அடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவைப் பூட்டிவிட்டு எங்கே போவது? தெளிப்பதற்கு அதிகம் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டக்கூடியவை. ஆஸ்துமாக்காரரும் பச்சிளங்குழந்தையும் படுத்திருக்கும் அறையில் அதைத் தெளிப்பது, நோயைக் குணப்படுத்த வந்தவருக்கு இன்னொரு நோயைக் கொடுப்பதாகும். பூச்சியை விட்டுவைப்பதும் ஆபத்து, விரட்டும் மருந்தும் ஆபத்து என்ற நிலையில் மிச்சமிருப்பது, வரவிடாமல் தடுப்பது மட்டும்தான்.

என்ன ஆபத்து என்பதையும் பார்த்துவிடுவோம். கரப்பானும் ஈயும் கழிவுநீரிலும் குப்பையிலும் நடந்த காலோடு உணவின் மேலும் கட்டுத்துணியின் மேலும் நடக்கின்றன. கிருமி காலில் ஒட்டிக்கொண்டு கூடவே பயணம் செய்கிறது. ஆறாத புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு இது நேர்வதுண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். நீரிழிவால் பாதம் மரத்துப்போன நோயாளியை எலி கடித்தால், காலையில் ரத்தத்தைப் பார்க்கும்வரை அவருக்கே தெரியாமல் போகலாம். கொசுவைப் பற்றிப் பிறகு வருகிறேன். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கும், மருத்துவமனையின் பெயரைக் கெடுக்கும், வீடுவரை வந்து சேரும். கறையான் நோயாளியைத் தொடாது. பழைய மருத்துவக் குறிப்பேடுகள் அடுக்கிய அறையை மட்டும் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

கன்னியாகுமரிக்கு என்று சில கூடுதல் தலைவலிகள்

மாநிலத்தின் பெரும்பகுதி ஒரு மழைக்காலத்தைப் பார்க்கிறது, நமக்கு இரண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. கழிவுநீர்க் குழாய்களில் தண்ணீர் ஏறும்போது அங்கே குடியிருந்த பெரிய கரப்பான்களும் பெருச்சாளிகளும் மேட்டைத் தேடி வெளியே வருகின்றன. அவற்றுக்குக் கண்ணில் படும் மேடு நம்முடைய தரைத்தளம். ஆகவே இங்கே ஆண்டுக்கு ஒருமுறை சோதனை போதாது. மே மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும், மழைக்கு முன்னால் இருமுறை கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வயல்களை ஒட்டிய மருத்துவமனைகளுக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களின் அறுவடையும் முடிந்ததும் வயலில் எலிக்குத் தீனி குறைகிறது. அடுத்த பூவுக்கு உழுது தண்ணீர் கட்டினால் வளையும் போய்விடுகிறது. சுசீந்திரம், தோவாளைப் பக்கத்தில் அந்த வாரங்களில் எலிக்கூண்டுக்குத் திடீரென வேலை அதிகமானால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குலசேகரம், அருமனை என்று மேற்கே போனால் ரப்பர். பால் விழும் சிரட்டையும் பிளாஸ்டிக் கோப்பையும், பால்வடிப்பு நிற்கும் மழை நாட்களில் கவிழ்த்து வைக்கப்படாவிட்டால், ஒவ்வொரு மரத்திலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தொட்டில் தொங்குவதற்குச் சமம். அதே ரப்பர் தோட்டத்துச் சருகைத் தின்று வளரும் கருவண்டு, கோடை மழை தொடங்கியதும் வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாகக் கட்டிடங்களுக்குள் ஏறும். ஓட்டுக் கூரை என்றால் அதற்குக் கொண்டாட்டம். அது கடிக்காது, நோய் பரப்பாது. நசுக்கினால் வரும் நீர் பட்டால் தோல் எரியும். அதற்கு மருந்து அடித்தால் செத்த வண்டுகள் மேலிருந்து கட்டிலில் கொட்டும். வாசல் விளக்கை அணைப்பதும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை அடைப்பதும், விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதும்தான் நடைமுறைக்கு ஒத்தவை.

கடற்கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் காயும் மணலிலிருந்து ஈ வரும். வெளியே உள்ள அந்த ஈயை எந்த மருத்துவமனையும் ஒழிக்க முடியாது. சமையற்கட்டுக்கும் வார்டுக்கும் வராமல் மறிக்க முடியும்.

வழியை அடைத்தல்

1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. அதனால் ஓட்டுக் கூரைக் காலத்துக் கட்டிடத்திலிருந்து கண்ணாடி முகப்பு வைத்த புதுக் கட்டிடம் வரை எல்லா வயது மருத்துவமனையும் இங்கே உண்டு. வயது எதுவானாலும் ஓட்டைகள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

முதலில் கதவு. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைந்தால் எலி நுழையும். மருந்துக் கிடங்கு, சமையற்கட்டு, துணி வெளுக்கும் அறை ஆகியவற்றின் கதவடியில் தரையைத் தொடும் ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ அடிப்பது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. மரக்கதவின் கீழ் விளிம்பை எலி கடித்திருந்தால் அதன்மேல் தகடு அடிக்க வேண்டும்.

அடுத்தது குழாயும் வயரும் சுவரைத் துளைத்துப் போகும் இடங்கள். ஏ.சி. பொருத்த வந்தவர் இரண்டு அங்குலக் குழாய்க்கு நான்கு அங்குலத் துளை போட்டுவிட்டு, மிச்சத்தில் பழைய துணியைச் செருகிவிட்டுப் போயிருப்பார். இப்போது பலரும் நுரையாகப் பீய்ச்சி இறுகும் ஃபோமை வைத்து அதை அடைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், எலிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி அது. துளைக்குள் இரும்புக் கம்பி வலையைத் திணித்து, மேலே சிமென்ட் பூச வேண்டும்.

பலரும் பார்க்காமல் விடுவது குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையை. பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். ஜாலியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கிண்ணம் போன்ற ஒரு பகுதியில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் மூடி. கழிவுநீர்க் குழாயின் நாற்றத்தையும் கரப்பானையும் அதுதான் தடுக்கிறது. குளியலறையைப் பத்துப் பதினைந்து நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், மூடி இல்லாமல் போகும். மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு: இடம் போதவில்லை என்று ஏதாவது ஒரு குளியலறையைச் சாமான் அறையாக மாற்றிவிடுவார்கள். உடைந்த வீல்சேர், காலி ஆக்சிஜன் சிலிண்டர், பழைய மெத்தை எல்லாம் அங்கே போகும். தரைத் துளை மெத்தைக்கு அடியில் வறண்டு கிடக்கும். அந்த வார்டுக்கு எத்தனை முறை மருந்து அடித்தாலும் கரப்பான் ஓயாது, ஏனென்றால் அதன் தாய்வீட்டுக்கு நேர்வழி திறந்திருக்கிறது. பயன்படாத அறைகளின் தரைத் துளையில் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். அறையை நிரந்தரமாகவே மாற்றிவிட்டதாக இருந்தால் துளையை அடைத்துவிட வேண்டும். ஜாலி உடைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். இதைவிட மலிவான பூச்சித் தடுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கட்டிடத்துக்கு வெளியே வந்தால் மரங்கள். வீட்டெலி மரமேறுவதில் கெட்டிக்காரி. தென்னையின் கொண்டையிலேயே கூடு கட்டிக்கொண்டு இளநீரைத் துளைத்துக் குடித்து வாழும். ஓலை கூரையைத் தொட்டால் அதுவே பாலம். பலாவும் மாவும் அப்படித்தான். கூரையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்கும்படி கிளைகளை வெட்டிவிட வேண்டும். தென்னந்தோப்புக்காரர்கள் மரத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே தகரப்பட்டை சுற்றுவார்களே, அந்த உபாயம் மருத்துவமனை வளாகத்துக்கும் பொருந்தும். பக்கத்து மரத்தின் ஓலை இதைத் தொடாமல் இருந்தால்தான் பலன் கிடைக்கும்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை விளக்கை வாசல் கதவுக்கு நேர்மேலே மாட்டினால், ஈசலும் வண்டும் அதற்கு வந்து, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும். பூச்சியைத் தின்னப் பல்லி வரும். விளக்கைச் சற்றுத் தள்ளிக் கம்பத்தில் மாட்டி வாசல் பக்கம் திருப்பிவிடலாம். மஞ்சள் நிற விளக்கானால் இன்னும் நல்லது.

தீனியும் ஒளிவிடமும்

மருத்துவமனை ஒரே நேரத்தில் சமையல் கூடமாகவும் கிடங்காகவும் விடுதியாகவும் இருக்கிறது. நோயாளிக்குத் துணைக்கு வருபவர் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு வருவார், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டு வருவார், பார்க்க வருபவர்கள் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கி வருவார்கள். இதைத் தடைசெய்யும் மருத்துவமனைகளைப் பார்த்திருக்கிறேன். தடை இரவு எட்டு மணிக்குமேல் நிற்பதில்லை. உணவு கட்டிலுக்கு அடியில், துணிப்பைக்குள் ஒளிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதைவிட, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து சாப்பிட ஓரிடமும், கை கழுவ ஒரு தொட்டியும், மூடியுள்ள குப்பைத் தொட்டியும் வைத்துவிட்டு, கட்டிலருகே வைக்கும் தின்பண்டம் மூடியுள்ள டப்பாவில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டால் மக்கள் கேட்கிறார்கள். பிரசவ வார்டில் இது கூடுதல் முக்கியம். கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய பிரசவ லேகியம் கிண்ணத்தில் தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தால், விடிவதற்குள் எறும்புச் சாரை கட்டில் கால் வழியாகக் குழந்தைவரை போய்விடும்.

அட்டைப்பெட்டிகள் கரப்பானின் வாகனம். வெளிர்பழுப்பு நிறத்தில், முதுகில் இரண்டு கருங்கோடுகளோடு, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராத ஒரு சிறு கரப்பான் உண்டு. ஜெர்மன் கரப்பான் என்பார்கள். சாக்கடையிலிருந்து வரும் பெரிய செங்கரப்பான் அல்ல இது. பெண் ஒன்று சுமக்கும் முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள் இருக்கும். சலைன் பெட்டி, சிரிஞ்ச் பெட்டி, பிஸ்கட் பெட்டி ஆகியவற்றின் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு வந்து சேரும். வந்தபின் அதற்குப் பிடித்தவை சூடும் இருட்டும் உள்ள இடங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புற மோட்டார், சுவிட்ச் போர்டு, குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் வார்மர், இதயத் துடிப்புக் காட்டும் மானிட்டர். மானிட்டருக்குள் போய்விட்டால் மருந்து அடிக்க முடியாது. ஆகவே பெட்டியை வாசலிலேயே பிரித்து, உள்ளே இருப்பதை மட்டும் பிளாஸ்டிக் கூடையில் எடுத்துச் செல்லும் வழக்கம் வர வேண்டும். அறுவை அரங்குக்குள் அட்டைப்பெட்டி போகவே கூடாது. கிடங்கில் வைத்தாக வேண்டும் என்றால் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரப் பலகையில், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அடுக்கலாம். நடுவே ஒரு துடைப்பமும் ஒரு டார்ச் வெளிச்சமும் போக இடம் இருந்தால் எலி அங்கே நிம்மதியாகக் குடும்பம் நடத்தாது.

கழிவு விஷயத்தில் சட்டமே கடிகாரத்தைக் கட்டிவிட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சுத்திகரிக்கப்படாத உடற்பகுதிக் கழிவையும் ரத்தம் பட்ட கட்டுத்துணி போன்றவற்றையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பூச்சியின் கணக்கும் அதை ஆமோதிக்கிறது: வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்து, ஏழெட்டு நாளில் ஈயாகப் பறந்துவிடும். இந்தக் கழிவைப் போடும் மஞ்சள் பை விஷயத்தில் கவனமாக இருக்கும் மருத்துவமனைகள்கூடச் சாதாரணக் குப்பையில் கோட்டை விடுகின்றன. சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறை வந்தால் சமையற்கட்டுக் கழிவை எடுக்க வண்டி வராது. மருத்துவமனைக்கோ விடுமுறை கிடையாது. அந்த நாட்களுக்கு என்று கூடுதலாக இரண்டு மூடியுள்ள பெரிய தொட்டிகள் வைத்திருக்க வேண்டும். கழிவுக் கொட்டகைக்குக் கதவும் வலையும் கழுவிவிடத் தண்ணீர்க் குழாயும் வேண்டும். இல்லாவிட்டால் நாயும் பூனையும் அங்கே நிரந்தர ஊழியர்களாகிவிடும்.

பூனையைப் பற்றி ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு: பூனை இருந்தால் எலி இருக்காது என்று. மிச்சச் சோறு தாராளமாகக் கிடைக்கும் மருத்துவமனைப் பூனை எலி பிடிக்க ஏன் மெனக்கெட வேண்டும்? அது கட்டிலுக்கு அடியில் குட்டி போடும், உண்ணியைக் கொண்டுவரும். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய காயகல்ப் தூய்மைத் திட்டத்தின் மதிப்பீட்டுப் பட்டியலில் பூச்சிக் கட்டுப்பாட்டையும் விலங்குகளை வளாகத்துக்கு வெளியே வைப்பதையும் ஒரே தலைப்பில் சேர்த்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

எறும்புக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள்

மருத்துவமனைப் பூச்சிகளில் மிகவும் ஏமாற்றுவது பொடி எறும்பு. இரண்டு மில்லிமீட்டர் நீளம், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். இவற்றில் ஃபாரோ எறும்பு என்ற இனம் உலகெங்கும் மருத்துவமனைகளில் பெயர்பெற்றது. அதற்கு வேண்டியது சர்க்கரை மட்டும் அல்ல. புரதமும் ஈரமும் வேண்டும். ஆகவே குளுக்கோஸ் கசிந்த டிரிப்ஸ் குழாய்க்கு வருவதுபோலவே புண்ணின் கட்டுக்கும் வரும், மூடி திறந்திருக்கும் பஞ்சுப் பெட்டிக்கும் வரும்.

சாரையைக் கண்டதும் செவிலியரோ துணைக்கு இருப்பவரோ கையில் கிடைத்த ஸ்ப்ரேயை அடிப்பது இயல்பு. எறும்புகள் செத்து விழும், கண்ணுக்குத் திருப்தியாக இருக்கும். செத்தவை உணவு தேடி வந்த வேலைக்காரர்கள் மட்டுமே. சுவருக்குள் உள்ள கூட்டில் ராணிகள் பல இருக்கின்றன. ஆபத்து என்று தெரிந்ததும் கூடு உடைந்து, ஒவ்வொரு ராணியும் கொஞ்சம் வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு அறையில் இருந்த தொல்லை அடுத்த மாதம் நான்கு அறைகளில் இருக்கும்.

சரியான வழி பொறுமையைக் கேட்கும். மெதுவாக வேலை செய்யும் நஞ்சு கலந்த இரையை எறும்பு போகும் பாதையில் வைத்து, அது எடுத்துக்கொண்டு போய் ராணிக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டும்வரை விட்டுவிட வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களில் சாரை கண்ணெதிரே போய்வரும். துடைக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. வார்டுப் பொறுப்பாளருக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே ஸ்ப்ரே வந்துவிடும். நோயாளியைக் காக்க, கட்டிலைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி, போர்வை தரையில் தொங்காமல் செருகி வைப்பது அந்த இடைவெளியில் உதவும்.

கரப்பானுக்கான ஜெல் மருந்தும் இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது. கீல், மேசை இழுப்பறையின் மூலை, கழுவுதொட்டியின் அடி என்று அரிசி அளவு பொட்டுகளாக வைப்பார்கள். தின்ற கரப்பான் கூட்டத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தின் மேலேயே ஸ்ப்ரே அடித்தாலோ பினாயில் ஊற்றித் துடைத்தாலோ அந்தப் பொட்டைக் கரப்பான் திரும்பிப் பார்க்காது. ஜெல் வைத்த இடங்களைத் தூய்மைப் பணியாளருக்குக் காட்டிவிட வேண்டும்.

கொசு: தண்ணீர் எங்கே நிற்கிறது?

டெங்கு நோயாளியைச் சேர்க்கும் மருத்துவமனையில் ஏடிஸ் கொசு இருந்தால், மருத்துவமனையே நோயைப் பரப்பும் இடமாகிவிடும். காய்ச்சலின் தொடக்க நாட்களில் அந்த நோயாளியைக் கடிக்கும் கொசுவுக்கு வைரஸ் ஏறும். ஏடிஸ் பகலில் கடிக்கும். ஆகவே காய்ச்சல் வார்டில் கொசுவலை பகலில் வேண்டும். இரவில் கட்டிக் காலையில் சுருட்டி வைப்பது நேர்மாறான வேலை.

முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழிலிருந்து பத்து நாள். வாரம் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, வளாகத்தில் நிற்கும் தண்ணீரை எல்லாம் கொட்டினால் சங்கிலி அறுந்துவிடும். எங்கே தேடுவது? மொட்டைமாடியில் மூடி காணாமல் போன தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் டயர், சன்ஷேடில் சருகு அடைத்த மூலை, வரவேற்பறைப் பூச்சாடி. கொட்டுவதோடு தேய்த்தும் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரியும்.

செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அசுத்த நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அதுதான் வாசல். பக்கத்துத் தோட்டத்துச் சிரட்டையைக் கவிழ்க்க நமக்கு அதிகாரம் இல்லை என்றாலும், தோட்டக்காரரிடமும் ஊராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளரிடமும் பேசலாம். ஏடிஸ் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை, ஆகவே மதில் சுவரையொட்டிய மரங்களைக் கவனித்தாலே நிறைய மாறும்.

எலி வந்தேவிட்டால்

எலிப் புழுக்கை, சுவரோரம் உடம்பு உரசி உரசிப் படிந்த கறுப்பு எண்ணெய்க் கறை, கடித்த வயர் ஆகியவை எலியின் கையெழுத்து. புழுக்கையைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தூசியோடு கிருமியும் பறக்கும். பிளீச்சிங் கரைசலை ஊற்றி நனைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும். மழைநீர் புகுந்த தரைத்தளத்தைச் சுத்தம் செய்யும் பணியாளருக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி கொடுப்பது எலிக்காய்ச்சல் தடுப்பு. அது சலுகை அல்ல.

கட்டிடத்துக்குள் விஷ இரை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தின்ற எலி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போய்ச் செத்தால், நாற்றம் ஒரு வாரம், ஈயும் புழுவும் அடுத்த வாரம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வளாகத்திலேயே அனுமதிக்கக் கூடாது. மனிதர் தின்றால் கல்லீரலைச் சிதைக்கும் அந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை என்பதை அவசரப் பிரிவில் வேலை செய்யும் எவரும் சொல்வார்கள். உள்ளே கூண்டுதான் சரி. எலி புதுப்பொருளைக் கண்டால் சந்தேகப்படும். ஆகவே சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்து, முதல் சில நாள் கூண்டை மூடாமல் திறந்தே விடுங்கள். தின்று பழகியபின் விசையை ஏற்றுங்கள். அறையின் நடுவில் வைத்துப் பயனில்லை. சுவரை ஒட்டித்தான் எலி நடக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

மருந்து தெளிக்கும் நிறுவனங்கள் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தின் நகலை வாங்கி வையுங்கள். கொண்டுவரும் டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. லேபிள் இல்லாத பாட்டிலில் கலந்து எடுத்துவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

நான் கண்ட பெரும்பாலான ஒப்பந்தங்களில் "மாதம் இருமுறை தெளித்தல்" என்று ஒரே வரிதான் இருக்கும். தெளிப்பதற்குக் காசு கொடுத்தால் தெளிப்பார்கள். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட இடங்களில் ஒட்டும் அட்டை வைத்து, வாரந்தோறும் அதில் விழுந்ததை எண்ணி எழுதி, எண்ணிக்கை ஏறிய இடத்தில் காரணம் என்ன என்று எழுத்தில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். சமையற்கட்டின் ஓர் அட்டையில் கரப்பான் குஞ்சுகள் மட்டும் விழுந்தால், கூடு அருகிலேயே இருக்கிறது என்று பொருள். எந்த அட்டையில் எது விழுகிறது என்று தெரிந்த மருத்துவமனைக்கு எல்லா இடத்திலும் தெளிக்கும் தேவையே வராது. ஈ பிடிக்கும் நீல விளக்கு வைத்திருந்தால் அது வெளியிலிருந்து தெரியாத இடத்தில் இருக்கிறதா, சமையல் மேடைக்கு நேர்மேலே இல்லாமல் இருக்கிறதா, டியூப் ஆண்டுக்கொரு முறை மாற்றப்படுகிறதா என்றும் கேளுங்கள்.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு நோட்டு வேண்டும்: எந்த நேரம், எந்த இடம், என்ன பூச்சி, எத்தனை. அதில் எழுதப்போவது பெரும்பாலும் இரவுப் பணிச் செவிலியரும் விடியற்காலையில் துடைக்க வரும் பணியாளரும்தான்; பூச்சி வெளியே வரும் நேரத்தில் விழித்திருப்பவர்கள் அவர்கள். எழுதினால் "நீங்கள் சரியாகத் துடைக்கவில்லை" என்று திட்டு விழும் இடத்தில் நோட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். பக்கங்கள் வெறுமையாக இருக்கும் மருத்துவமனையை நான் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பத்துப் படுக்கை கொண்ட சிறு மருத்துவமனைக்கு இத்தனையும் ஒரே நேரத்தில் முடியாது. முதலில் ஓர் இரவு, விளக்கெல்லாம் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு சமையலறை, மருந்துக் கிடங்கு, குளியலறைகள், கழிவுக் கொட்டகை என்ற வரிசையில் நடந்து பாருங்கள். கழுவுதொட்டிக்கு அடியிலும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் வெளிச்சத்தை அடியுங்கள். கண்ட ஓட்டைகளுக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதிவிட்டு, மறுநாள் கொத்தனாரையும் பிளம்பரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். தனித்தனியே கூப்பிட்டால் ஒருவர் அடைத்ததை இன்னொருவர் உடைப்பார்.